10க்கு 11 அடி படுக்கையறையில் கட்டில் போட இடமில்லை

கட்டில் போட இடமில்லை என்று நீங்கள் காட்டிய படுக்கையறை பிளானில் இடம் பத்தாமல் இல்லை, கதவுகள்தான் இடிக்கின்றன. அறைக் கதவு 10 அடிச் சுவரின் நடுவில், பாத்ரூம் கதவு எதிர் மூலையில். நடைபாதை அறையைக் குறுக்கே வெட்டுவதால் எந்தச் சுவரும் கட்டிலுக்கு மிஞ்சவில்லை.

அறைக் கதவை அதே சுவரின் ஓரத்துக்குத் தள்ளுங்கள். கீல் மூலைப் பக்கம் இருந்தால் திறந்த கதவு பக்கச் சுவரோடு ஒட்டி நிற்கும். நிலையோடு 3 அடி போனால், ஸ்விட்ச் போர்டுக்கு 6 அங்குலம், மீதி 6½ அடி முழுக்க அலமாரி. அந்த 6 அங்குலத்தை விடாவிட்டால் போர்டு அலமாரிக்குப் பின்னால் போய்விடும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

கட்டிலின் தலைமாடு எதிர்ச் சுவரில். 6க்கு 6½ அடிக் கட்டில் என்றால் இருபுறமும் 2 அடி கிடைக்கும். கால்மாட்டில் மிஞ்சும் 4½ அடியில் அலமாரி ஆழம் 2 போக, நடக்க 2½ அடி. பாத்ரூம் கதவு அந்த நடைபாதைக்கு நேராக, அலமாரியை ஒட்டிய பக்கச் சுவரில் வரட்டும். பாத்ரூமுக்குள் திறக்க வேண்டும். அலமாரிக்கு ஸ்லைடிங் கதவு நல்லது.

இவை பூச்சு முடிந்த உள் அளவுகள். செங்கல் வைக்கும் முன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு நடந்து பாருங்கள்.