பாட்டி கேட்ட கேள்விக்கு என்ன பதில்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் உலக அதிசயத் தகவல்களையும் விசித்திரமான அயல்மொழிச் சொற்களையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறான். விருந்தாளி வந்தால் ஒப்பிப்பான். அன்று, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய சான்சிபார் தீவில் 38 நிமிடத்தில் முடிந்த போரைப் பற்றிச் சொன்னான். என் மாமியார், “எதற்காகச் சண்டை? அதற்குள் எத்தனை பேர் செத்தார்கள்?” என்று கேட்டார். “உனக்கெல்லாம் புரியாது பாட்டி” என்றான். எல்லோரும் சிரித்துவிட்டோம். பரீட்சைக்கு உதவாத பழக்கம், நிறுத்து என்கிறார் கணவர். நிறுத்தலாமா?

பதில்: மதிப்பெண் கவலையோடு கடிதம் வராத மாதமே இல்லை. நோட்டு கிடக்கட்டும் அம்மா. அதனால் யாரும் பரீட்சையில் தோற்றதில்லை. எனக்கு உறுத்துவது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘எல்லோரும் சிரித்துவிட்டோம்’. யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள்? அந்தக் கூடத்தில் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டவரைப் பார்த்து. பையனுக்குப் பதில் தெரியவில்லை, அதனால் பாட்டியை மட்டம் தட்டினான். நீங்கள் அதற்குக் கை தட்டாத குறை.

பதிலை நான் சொல்கிறேன். 1896 ஆகஸ்ட் 25-ஆம் தேதி சான்சிபார் சுல்தான் ஹமத் திடீரென்று இறந்தார். உறவுக்காரர் காலித் உடனே அரண்மனைக்குள் புகுந்து, இனி நானே சுல்தான் என்றார். தீவு அப்போது ஆங்கிலேயரின் பிடியில் இருந்தது. அவர்கள் ஹமூத் என்பவரை அரியணையில் உட்கார வைக்க நினைத்திருந்தார்கள். 27-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குள் வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தார்கள். காலித் அசையவில்லை. ஒன்பது அடித்து இரண்டாவது நிமிடம் துறைமுகத்துப் போர்க்கப்பல்கள் சுடத் தொடங்கின. பெரும்பாலும் மரத்தால் ஆன அரண்மனை. உள்ளே காவலர்களோடு வேலைக்காரர்களும் அடிமைகளும் இருந்தார்கள். அந்தப் பக்கம் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 500 பேர். கப்பல்களில் ஒரே ஒரு மாலுமிக்குக் காயம். காலித் ஜெர்மானியத் தூதரகத்துக்குள் ஓடித் தப்பித்துக்கொண்டார். அன்றே ஹமூத் சுல்தான் ஆனார்.

பெரியவர் கண்ணை மூடியதும் பங்காளி வீட்டுக்குள் புகுந்து சாவியை இடுப்பில் செருகிக்கொள்வதை உங்கள் மாமியார் எத்தனை குடும்பங்களில் பார்த்திருப்பார்! அவருக்கா இது புரியாது?

இப்படிப்பட்ட பையன்களின் நோட்டில் ‘மாமிஹ்லாபினாடபாய்’ என்ற சொல்லும் பெரும்பாலும் இருக்கும், தேடிப் பாருங்கள். இருவருக்கும் ஆசை இருந்தும், அடுத்தவர் தொடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டே நிற்பதாம். தென் அமெரிக்காவின் தென்கோடியில் வாழும் யாகன் மக்களின் மொழி அது. அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசிப் பெண்மணி கிறிஸ்டினா கால்டெரோன், சிலி நாட்டின் நவரினோ தீவுக்காரர், 2022-ல் 93 வயதில் காலமானார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொன்ன சொற்களையும் கதைகளையும் புத்தகமாக்கியது யார் தெரியுமா? அவருடைய பேத்தி. இதையும் உங்கள் மகனின் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பழக்கத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் அவனைக் கூப்பிடுவதற்கு முன் நீங்கள் மாமியாரிடம் போய், சிரித்தது தவறு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அவனை அவர் எதிரே உட்கார வைத்து, சான்சிபார் கதையை முழுவதுமாகச் சொல்லச் சொல்லுங்கள். இனி நோட்டில் ஏறும் எதுவும் முதலில் பாட்டியின் காதுக்குப் போகட்டும். அவர் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால், தேடிக் கண்டுபிடித்து மறுநாள் சொல்லட்டும். உங்கள் கணவரையும் கூடவே உட்காரச் சொல்லுங்கள். அவரைப் பெற்றவர்தானே!