கார் இல்லாமல் புறநகரில் குடியிருந்துகொண்டு தினமும் டவுனுக்கு வேலைக்குப் போய்வர முடியுமா?

முடியும். நான் எட்டு வருஷம் அப்படித்தான் போய்வந்தேன்.

ஊர் ரங்கூன். 1989இலேயே பெயரை யாங்கோன் என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான். வீடு வடக்கே இன்செய்னில். வேலை டவுனில், பான்சோடான் தெருவை ஒட்டிய ஒரு சின்ன அலுவலகத்தில். உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்கிற இடம், நான் கணக்கு எழுதுபவன். (தமிழ்நாட்டில் நீங்கள் சாப்பிடுகிற இட்லியில் பர்மா உளுந்து இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.) 2012 முதல் 2020 வரை, ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் இந்தப் பயணம்தான்.

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எல்லோரும் தூரத்தைத்தான் பார்க்கிறார்கள். இன்செய்னிலிருந்து டவுன் பதினைந்து கிலோமீட்டர்தான் இருக்கும், அது என்னை ஒன்றும் செய்யவில்லை. என்னைத் தின்றது வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் கிடந்த இரண்டு கிலோமீட்டர்.

சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் "கார் இல்லை" என்றால் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டி நிற்கிறது என்று அர்த்தம். ரங்கூனில் அதற்கும் வழியில்லை. 2003இலிருந்து நகரத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை. மாண்டலேயில் தெருவெல்லாம் பைக், ரங்கூனில் மட்டும் கூடாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எதற்கும் ஆதாரம் கிடையாது. ஆக, ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும், இல்லையென்றால் சைக்கா என்கிற சைக்கிள் வண்டி பிடிக்க வேண்டும்.

முதல் வீட்டை ஒரு தரகர் காட்டினார். தன் காரிலேயே அழைத்துப் போனார். "ஸ்டேஷன் பக்கத்திலேயே, அஞ்சு நிமிஷம்" என்றார். காரில் அஞ்சு நிமிஷம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எங்கள் ஊரில் வாடகை மாதாமாதம் கட்டுவது அபூர்வம். ஆறு மாதத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ மொத்தமாக முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். நான் ஒரு வருஷத்துக்கு எண்ணிக் கொடுத்தேன். முதல் திங்கட்கிழமை நடந்து பார்த்தபோது இருபத்தெட்டு நிமிஷம் ஆனது. பணம் போய்விட்டது, வீட்டை விட முடியாது.

சைக்கா என்பது சைக்கிளோடு ஒரு பக்கமாக இருக்கை சேர்த்த வண்டி. சைட்கார் என்ற சொல்தான் பர்மியர் வாயில் சைக்கா ஆகிவிட்டது. இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரலாம், ஒருவர் முன்னால் பார்த்து, மற்றவர் பின்னால் பார்த்து. ரயில் நேரத்துக்கு எல்லோரும் கிளம்புவதால் எனக்குப் பெரும்பாலும் பின் இருக்கைதான் வாய்க்கும். அந்த வருஷம் முழுக்க நான் வேலைக்குப் பின்பக்கமாகத்தான் போனேன், எங்கள் சந்து சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தபடி.

மழைக்காலம் வந்ததும் கதை மாறியது. இங்கே வைகாசியில் பிடித்தால் ஐப்பசி வரை விடாது. சந்தில் முழங்கால் தண்ணீர் நின்றால் சைக்கா ஓட்டும் ஊலே (நாம் மாமா என்று கூப்பிடுவது போல) இறங்கித் தள்ளுவார். அவர் தள்ளும்போது உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருக்கும், நானும் இறங்கிவிடுவேன். இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போன வண்டிக்கு இரட்டைக் கூலியும் கொடுப்பேன். நல்லவேளை, பர்மாவில் அலுவலகத்துக்கும் கைலி கட்டலாம். மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் முக்கால்வாசி நனையாமல் தப்பலாம். பேண்ட் போட்டுத்தான் போயாக வேண்டும் என்றிருந்தால் ஒரு வாரத்தில் வேலையை விட்டிருப்பேன். எங்கள் அலுவலகத்தில் அப்போது அரை மணி தாமதம் என்றால் அரை நாள் சம்பளத்தில் கை வைப்பார்கள். அந்த ஆடி மாதம் எத்தனை அரை நாள் போனது என்று எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரங்கூனைச் சுற்றி ஓடும் வட்ட ரயில். பாதையின் நீளம் சுமார் 46 கிலோமீட்டர், அப்போது ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம் ஆனது. கணக்குப் போட்டால் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர், நல்ல கால் இருந்தால் சைக்கிளில் கூடவே வரலாம். இன்செய்னிலிருந்து சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அப்போது கதவு கிடையாது, நீளவாக்கில் இரண்டு பக்கமும் பெஞ்சு. சில பெட்டிகள் ஜப்பானில் ஓடி ஓய்ந்து வந்தவை, அங்கே எழுதியிருந்த ஜப்பானிய எழுத்தைக்கூட யாரும் அழிக்கவில்லை.

காலை ரயில் எங்களிடம் வரும்போதே பாதி நிறைந்திருக்கும், ஆட்களால் மட்டுமல்ல. இன்செய்னுக்கு அந்தப் பக்கம் டன்யிங்கோன் ஸ்டேஷனில் பெரிய காய்கறிச் சந்தை. அங்கே ஏறுகிற பெண்கள் மூட்டையைப் பெஞ்சுக்கு நடுவில் அவிழ்த்துப்போட்டு, ரயில் ஆட ஆடக் கீரையைக் கட்டுக் கட்டுவார்கள். இடது கையில் ஒரு பிடி, காம்பைத் தட்டி நேராக்கி, மூங்கில் நாரை இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முறுக்கு. ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் போவதற்குள் முப்பது நாற்பது கட்டு ஆகிவிடும். கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைப் பூச்சு, வாயில் வெற்றிலை, பேச்சு ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். பர்மியர்கள் சின்பாவ் என்று சொல்வது நம்முடைய புளிச்சக்கீரைதான். அம்மா அதைக் கண்டால் விடமாட்டார். "தம்பி, ரயில்லயே நாலு கட்டு வாங்கிடு, மார்க்கெட்டுல பாதிக்குப் பாதி கூட சொல்றான்" என்று சொல்லி அனுப்புவார். காலையில் வாங்கிய கீரையைச் சாயங்காலம் வரை எங்கே வைப்பது? மேஜைக்குக் கீழே, ஈரத் துணி சுற்றி. முதலாளி ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, "உளுந்து வியாபாரம் போதவில்லையா?" என்று கேட்டார்.

பஸ்ஸும் உண்டு. 2012இல் பஸ் ரயிலைவிட வேகம், ஐம்பது நிமிஷத்தில் சூலே பகோடாவில் இறங்கிவிடலாம். ஆனால் 2011 செப்டம்பரில் பழைய காரை ஒப்படைத்தால் வேறு கார் இறக்குமதி செய்ய அனுமதி என்று அரசு அறிவித்த பிறகு, ஜப்பான் பழைய கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. வருஷா வருஷம் நெரிசல் ஏறியது. 2016 வாக்கில் அதே பஸ் ஒன்றரை மணி, மழை நாளில் இரண்டு மணி. ஹ்லேடான் சந்திப்பில் 2013இல் மேம்பாலம் திறந்தும் அங்கே நின்று நின்று எனக்குப் பழகிவிட்டது. ரயில் மட்டும் 2012இல் ஒரு மணி நேரம், 2018இலும் ஒரு மணி நேரம். வேகம் இல்லை, ஆனால் வீட்டில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று தெரியும். வேலைக்குப் போகிறவனுக்கு அது போதும்.

பஸ்ஸில் இன்னொரு வேடிக்கை. 1970இல் ஒரே நாளில் பர்மா இடப்பக்கப் போக்குவரத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. வந்த பஸ்கள் பெரும்பாலும் ஜப்பான் பஸ்கள், அவற்றுக்குக் கதவு இடது பக்கம். ஆக இறங்குவது நடுரோட்டில். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு "சூலே, சூலே, சூலே" என்று கூவுவார். நிறுத்தம் நெருங்கும்போது உள்ளே திரும்பி அந்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி, "பாலா?" என்பார், இறங்க ஆள் இருக்கிறதா என்று அர்த்தம். சிவகங்கையிலிருந்து வந்திருந்த சித்தப்பா முதல் நாள் மூன்று நிறுத்தம் கேட்டுவிட்டு, "யாருடா அந்த பாலா, வண்டி முழுக்கத் தேடறானே?" என்றார். 2017 ஜனவரியில் ஒய்.பி.எஸ். என்று பஸ் அமைப்பையே மாற்றி, எல்லாத் தடத்துக்கும் புது நம்பர் போட்டார்கள். பல வண்டிகளில் கண்டக்டர் போய் டிரைவர் பக்கத்தில் ஒரு பெட்டி வந்தது, சில்லறையை அதில் போட வேண்டும். சத்தம் குறைந்தது. எனக்கு என்னவோ பாலா போனது வருத்தம்தான்.

சரி, காரில்லாமல் உண்மையிலேயே தவித்த நாள் இல்லையா? உண்டு. 2012 ஆகஸ்ட், அந்த முதல் வீட்டில், ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத்திணறல். அந்த நேரத்தில் ரயில் ஏது, பஸ் ஏது. அப்போது சிம் கார்டு விலை எங்களைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்க முடியாத விலை, கையில் போன் இல்லை. குடையோடு மெயின் ரோடு வரை ஓடி, இருபது நிமிஷம் நின்று, ஒரு டாக்சியை மறித்தேன். எங்கள் ஊர் டாக்சிக்கு மீட்டர் கிடையாது, பேரம்தான். அன்றைக்குப் பேரம் பேசவில்லை. அம்மாவை ஏற்றும்போது டிரைவர் இறங்கி வந்து மறு தோளைப் பிடித்தார், ஆனால் கூலியில் ஒரு கியாட் குறைக்கவில்லை. இரண்டையும் நான் மறக்கவில்லை. அம்மா இரண்டு நாளில் வீடு திரும்பினார். 2014இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் கொடுக்க ஆரம்பித்ததும் நான் செய்த முதல் வேலை, பக்கத்துத் தெருவில் இருக்கும் இரண்டு டாக்சிக்காரர்களின் நம்பரை வாங்கி வைத்ததுதான். அதற்குப் பிறகு ராத்திரிப் பயம் பாதி போய்விட்டது.

அக்கா வீட்டுக்காரர் 2013இல் ஒரு ப்ரோபாக்ஸ் கார் வாங்கினார். அவரும் டவுனில்தான் வேலை. கல்யாணம் காட்சிக்கு அந்த வண்டியில் நாங்களும் தொற்றிக்கொள்வோம், அதில் மறுப்பு இல்லை. ஆனால் வேலை நாளில் அவர் எனக்கு முன்னால் கிளம்பி எனக்குப் பின்னால் போய்ச்சேருவார். போன பிறகும் வண்டியை நிறுத்த இடம் தேடி மூன்று தெரு சுற்ற வேண்டும். கடைசியில் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு அவரும் ரயிலுக்கு வந்துவிட்டார்.

ஒரு வருஷம் முடிந்ததும் ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிஷ நடையில் வீடு பிடித்தோம். இந்த முறை தரகர் காரில் ஏறவில்லை. ஜூலை மாதம், மாலை ஏழு மணிக்கு, மழையில், ஸ்டேஷன் வாசலிலிருந்து நானே கடிகாரம் பார்த்து நடந்தேன். விளக்கு எரிகிறதா, தண்ணீர் எங்கே நிற்கிறது, நாய் எத்தனை, எல்லாம் தெரிந்துவிட்டது. வாடகை கொஞ்சம் கூட, அறை ஒன்று குறைவு, ரயில் போனால் டி.வி.யில் வசனம் கேட்காது. அதே ரயில், அதே அலுவலகம், ஆனால் வேறு ஆளாகிவிட்டேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் மிச்சம். சம்பளத்தில் வெட்டு நின்றது.

நான் எதிர்பார்க்காதது அம்மாவிடம் வந்த மாற்றம். பழைய வீட்டில் இருந்தவரை அவர் எங்கே போவதற்கும் என்னை எதிர்பார்த்திருந்தார். இங்கே வந்து இரண்டாவது வாரமே, வெள்ளிக்கிழமை காலை தானாக ரயிலேறி, டவுனில் 1871இல் கட்டிய காளி கோயிலுக்குப் போய், சாமி கும்பிட்டு, அனோரதா தெருவில் தோசை சாப்பிட்டு, மதியம் வீட்டில் இருந்தார். எனக்குச் சாயங்காலம்தான் சொன்னார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை வீட்டில் ஆளைப் பார்க்க முடியாது.

2020இல் கல்யாணம் ஆகி டவுனுக்கே குடிவந்துவிட்டோம். அலுவலகம் பத்து நிமிஷ நடை. ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா இப்போது மற்ற வீடுகளைப் போல பால்கனியிலிருந்து கயிறு இறக்கித்தான் கீரை வாங்குகிறார். கயிற்று நுனியில் ஒரு கிளிப், அதில் பணத்தைச் செருகிக் கீழே விட்டால் புளிச்சக்கீரை மேலே வரும். ஒவ்வொரு தடவையும் கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல ரயில் கட்டுல பாதிகூட இல்ல" என்கிறார்.