சிறு குழுக்கள் வழியாகச் சீஷராக்குதல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

சபையில் சிறு குழுக்களைத் தொடங்குவது, நடத்துவது, பெருக்குவது பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். குழுத் தலைவர்களுக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்துவருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

ஞாயிறு ஆராதனை இருக்கிறது, வாரநாளில் உபவாச ஜெபம் இருக்கிறது. அதற்கே ஆட்கள் வருவதில்லை. இதற்கு மேல் வீட்டில் ஒரு கூட்டம் எதற்கு ஐயா?

இன்னொரு கூட்டமாக நினைத்துத் தொடங்குவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம் சகோதரரே.

ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்கிறோம். கூடப்பிறந்த அண்ணனோடு வருடக்கணக்காகப் பேசாத ஒருவரும் நம் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்கிறார், வீட்டுக்குப் போகிறார். அடுத்த வாரம் அவரிடம், "அண்ணனுக்குப் போன் பண்ணினீங்களா?" என்று கேட்க யார் இருக்கிறார்கள்? இருநூறு பேர் உள்ள சபையில் போதகரால் அது முடியாது. மத்தேயு 28-இல் இயேசு கட்டளையிட்ட யாவையும் கைக்கொள்ளும்படி உபதேசிக்கச் சொல்லியிருக்கிறார். உபதேசம் மேடையிலிருந்து வந்துவிடும். கைக்கொண்டோமா என்று பார்ப்பதற்கு நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேர்தான் சிறு குழு.

கூட்டங்கள் ஏற்கெனவே அதிகம் என்றால் ஒன்றை நிறுத்திவிட்டு இதைத் தொடங்குங்கள். சோர்ந்துபோன விசுவாசிகளின் தலையில் இதையும் ஏற்றாதீர்கள்.

எங்கள் மூப்பர் ஒருவர், "செல் குரூப் எல்லாம் கொரியாவிலிருந்து வந்த பாணி, வேதத்தில் இல்லை" என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

வேதத்தையே திறந்து காட்டுங்கள். அப்போஸ்தலர் 2:46-இல் விசுவாசிகள் தேவாலயத்திலும் கூடினார்கள், வீடுகள்தோறும் அப்பம் பிட்டார்கள். இரண்டும் சேர்ந்தே இருந்தன. ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீட்டில் ஒரு சபை, பிலேமோன் வீட்டில் ஒரு சபை, நிம்பா என்பவரின் வீட்டில் ஒரு சபை. பவுல் நிருபங்களின் தொடக்கத்திலும் முடிவிலும் வாழ்த்துச் சொல்கிற பகுதிகளை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம், இதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. சிரியாவில் ஐப்பிராத்து நதிக்கரையில் துரா-யூரோபஸ் என்ற பழைய பட்டணத்தைத் தோண்டியபோது 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வீட்டுச் சபை கிடைத்தது. சாதாரணக் குடியிருப்பு வீடு அது. இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டுக் கூடிவர இடம் பண்ணியிருந்தார்கள்.

பிறகு சபை பெரிய கட்டடங்களுக்குப் போன காலத்திலும் இது முழுவதும் அற்றுப்போகவில்லை. ஜெர்மனியில் ஸ்பேனர் என்ற லூத்தரன் போதகர் 1670-இல் பிராங்க்ஃபர்ட்டில் தம் வீட்டிலேயே ஜெபத்துக்கும் வேதத்துக்கும் விசுவாசிகளைக் கூட்டினார். எனக்கு அதிகம் பிடித்தது, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது. 1742-இல் பிரிஸ்டல் நகரில் மெதடிஸ்ட்டுகளுடைய கூடுகைக் கட்டடத்தின் மேல் கடன் இருந்தது. அதை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்று கேள்வி வந்தது. யோசனை சொன்னவரே, "மிகவும் ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் நான் போடுகிறேன்" என்றார். மற்றவர்களும் அப்படியே பொறுப்பெடுத்து வாராவாரம் வீடு வீடாகப் போனார்கள். பென்னி வாங்கப் போன இடத்தில் அந்த வீடுகளின் உண்மையான நிலை தெரியவந்தது. ஒரு வீட்டில் குடி, இன்னொரு வீட்டில் சண்டை. நமக்கு வேண்டியது இதுதான் என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார். கடன் வசூலுக்குப் பிரித்த பன்னிரண்டு பேர், ஒருவர் ஆத்துமாவை ஒருவர் விசாரிக்கிற வகுப்பாக மாறினார்கள். மெதடிஸ்ட் இயக்கம் பரவியது இந்த வகுப்புகளின் தோளில்தான்.

கொரியாவில் யோங்கி சோ என்ற போதகர் 1964-இல் உடல்நிலை குலைந்து விழுந்த பிறகு சபையை வீட்டுக் குழுக்களாகப் பிரித்தார் என்பது உண்மை. ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே இது சபையின் சொத்து.

ஒரு குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்?

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. அதற்கு மேல் போனால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்று பேரோடு தொடங்கினாலும் பரவாயில்லை.

கூட்டத்தில் என்னதான் செய்வது? நான் நடத்தினால் அரை மணி நேரம் பாட்டு, முக்கால் மணி நேரம் என் செய்தி, ஜெபம், முடிந்தது. சரியா?

தம்பி, அது இன்னொரு ஞாயிறு ஆராதனை. ஆட்கள் மட்டும் குறைவு. உங்கள் செய்தியை எடுத்துவிடுங்கள்.

மாற்கு 2-இல் நாலு பேர் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த பகுதியை எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வசனம்தான். ஒருவர் வாசிக்கட்டும், இன்னொருவர் மறுபடியும் வாசிக்கட்டும். பிறகு எல்லாரும் வேதத்தை மூடிவிட, ஒருவர் அந்தச் சம்பவத்தைத் தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். நிச்சயம் எதையாவது விடுவார். "கூரையைப் பிரிச்சதை விட்டுட்டீங்க" என்று ஒரு பாட்டி சொல்வார். "வேதபாரகர் மனசுக்குள்ளதானே யோசிச்சாங்க, அது அவருக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று ஒரு பையன் கேட்பான். இப்போது எல்லாரும் கதைக்குள் வந்துவிட்டார்கள். அதன்பின் மூன்று கேள்விகள் போதும். இயேசு எப்படிப்பட்டவர் என்று இதில் தெரிகிறது? மனுஷரைப் பற்றி என்ன தெரிகிறது? இந்த வாரம் நான் என்ன செய்யப்போகிறேன்?

மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் ஒரு அமைதி வரும். அதை நீங்கள் நிரப்பாதீர்கள். புதிய தலைவர்கள் பலர் ஐந்து விநாடிகூடப் பொறுக்காமல் தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள், அதற்குள் பேச வாயெடுத்தவர் மூடிக்கொள்கிறார். காத்திருங்கள். "என் கூட வேலை செய்கிறவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், போய்ப் பார்க்கப்போகிறேன்" என்று யாராவது சொல்வார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் பாட்டுக்கும் முன்னால், "போனீங்களா, எப்படி இருக்கிறார்?" என்பதில் தொடங்குங்கள். போகவில்லை என்றால் திட்டக் கூடாது. என்ன தடை என்று கேட்டு, இன்னொருவரைத் துணைக்கு அனுப்புங்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

எங்கள் குழுவில் ஒரு அண்ணன் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். மற்றவர்கள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அமைதியா இருக்கிறவங்களைப் பேச வைக்க எனக்கு உங்க உதவி வேணும்" என்று கேளுங்கள். பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். கூட்டத்தில் அவருக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் பார்வை படாவிட்டால் பேச்சு தானாகக் குறையும். அதன்பிறகும் மாறாவிட்டால் போதகரோடு சேர்ந்து அவரிடம் நேராகப் பேசத்தான் வேண்டும். ஒருவர் மனம் நோகும் என்று எட்டுப் பேரை இழப்பது அன்பாகாது.

நான் வேதாகமக் கல்லூரியில் படிக்கவில்லை. பத்தாவதோடு நின்றவள். பெண்கள் குழு நடத்தச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது.

தங்கச்சி, அப்பொல்லோவை நினைத்துப் பாருங்கள். வேதாகமங்களில் வல்லவர், பேச்சில் தேறினவர். அவரை வீட்டுக்குச் சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாகச் சொல்லிக்கொடுத்தது கூடாரம் பண்ணிப் பிழைத்த ஒரு கணவனும் மனைவியும். பிலிப்பியில் பவுலும் சீலாவும் சிறையிலிருந்து வெளியே வந்ததும் சகோதரரைக் கண்டது லீதியாள் என்ற வியாபாரப் பெண்ணின் வீட்டில். கொரியாவில் நான் மேலே சொன்ன குழுக்களையும் முதலில் தைரியமாக எடுத்து நடத்தியவர்கள் பெண்கள்தான்.

மேலே சொன்ன முறையில் நடத்தினால் நீங்கள் பிரசங்கம் பண்ண வேண்டியதில்லை. பதில் தெரியாத கேள்வி வந்தால், "போதகரிடம் கேட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள், மறக்காமல் சொல்லியும்விடுங்கள். உங்களிடம் நான் எதிர்பார்ப்பது வேறு. அந்தப் பெண்களின் பெயரைச் சொல்லி தினமும் ஜெபிப்பீர்களா? ஒருத்தி இரண்டு வாரம் வரவில்லை என்றால் போய்ப் பார்ப்பீர்களா? ஆம் என்றால் தொடங்குங்கள்.

நான் ஒரு போதகர். சிறு குழுக்களை அனுமதித்தால் தவறான உபதேசம் நுழையும், ஒருவர் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு தனிச் சபை ஆரம்பித்துவிடுவார் என்ற பயம் இருக்கிறது. வெளிப்படையாகவே கேட்கிறேன்.

பாஸ்டர், உங்கள் பயத்தைத் தள்ளிவிட மாட்டேன். ஸ்பேனர் ஏற்படுத்திய கூடுகையிலேயே சிலர் பிற்பாடு சபையை விட்டுப் பிரிந்துபோனார்கள். அதனால் அந்த இயக்கம் முழுவதும் சந்தேகத்துக்கு ஆளானது.

என் அனுபவத்தில், தனியாக விடப்பட்ட குழுதான் பெரும்பாலும் தனியாகப் போகிறது. தலைவர்களை மாதம் இருமுறையாவது உங்கள் வீட்டில் கூட்டுங்கள். அறிக்கை வாங்குவதற்காக அல்ல, அவர்களுக்காக ஜெபிக்க. குழுக்களில் பார்க்கப்போகும் வேதபகுதியை முதலில் அவர்களோடு நீங்களே பாருங்கள். எல்லாக் குழுக்களும் அந்த வாரம் அதே பகுதியில் இருக்கட்டும். அறிவிக்காமல், சோதிக்கிற மாதிரி இல்லாமல், அவ்வப்போது ஒரு குழுவில் போய் ஓரமாக உட்காருங்கள். காணிக்கை எடுப்பது, ஞானஸ்நானம், திருவிருந்து, வெளிப் பிரசங்கியாரை அழைப்பது இவையெல்லாம் சபையின் பொறுப்பில்தான் நடக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. யாத்திராகமம் 18-இல் மோசே காலை முதல் மாலை வரை தனியாக நியாயம் விசாரிப்பதைப் பார்த்த அவருடைய மாமனார் எத்திரோ, நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவரை வைக்கச் சொன்னார். எல்லாரும் உங்களிடமே வர வேண்டும் என்று வைத்திருந்தால் பிரிவினை வராமல் போகலாம், ஆனால் யாரும் வளரவும் மாட்டார்கள். இதை மரியாதையோடுதான் சொல்கிறேன்.

குழுவில் ஒரு சகோதரி தன் வீட்டுப் பிரச்சினையைக் கண்ணீரோடு சொன்னார். மூன்றே நாளில் சபை முழுவதும் தெரிந்துவிட்டது. இப்போது அவர் வருவதில்லை.

இதை வாசித்தபோது மனம் கலங்கிவிட்டது. சொன்னது யார் என்று தெரிந்தால் அவர் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்களும் கூடப் போங்கள். 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில்தான் இது பெரும்பாலும் வெளியே போகிறது. ஜெபத்துக்காகச் சொன்னேன் என்பது சாக்கு ஆகாது. இங்கே பேசுவது இங்கேயே இருக்கும் என்பதை ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள், சலித்தாலும் பரவாயில்லை. மிக அந்தரங்கமானவற்றைக் குழுவில் பேச வைக்காதீர்கள். ஆண்களோடு ஆண்களும் பெண்களோடு பெண்களுமாக இரண்டு மூன்று பேர் தனியாகச் சந்தித்து ஜெபிக்கட்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டில் அடிதடி, பிள்ளைகளுக்குக் கொடுமை, தற்கொலை எண்ணம் என்று தெரிந்தால் ரகசியம் காக்கக் கூடாது. போதகருக்கும், தேவைப்பட்டால் மருத்துவருக்கும் காவல்துறைக்கும் சொல்லித்தான் ஆக வேண்டும். உயிர் முக்கியம்.

குழுவில் ஒருவர் எல்லாரையும் ஒரு முதலீட்டுத் திட்டத்தில் சேரச் சொல்கிறார்.

உடனே நிறுத்துங்கள். வியாபாரம், சீட்டு, கடன், ஆள் சேர்க்கும் திட்டம் எதுவும் குழுவுக்குள் கூடாது. பணத்தால் உடைந்த குழு திரும்ப ஒட்டுவது அபூர்வம்.

ஆன்லைனில் குழு நடத்தலாமா?

தூரத்தில் இருப்பவர்களுக்கும் இரவு வேலைக்காரர்களுக்கும் பெரிய உதவி. ஆனால் மாதம் ஒருமுறையாவது நேரில் சாப்பிட உட்காருங்கள்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களை அழைக்கலாமா?

தாராளமாக. என்ன கூட்டம் என்பதை மறைக்காமல் சொல்லி அழையுங்கள். உதவி தேவைப்பட்டால் செய்யுங்கள், அதை விசுவாசத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். அவர் கேட்கிற கேள்விகளை வாதமாக எடுத்துக்கொள்ளாமல், வாசித்த பகுதிக்குள்ளேயே பதில் தேடுங்கள்.

எங்கள் குழுவில் பதினாறு பேர் ஆகிவிட்டோம். இரண்டாகப் பிரியச் சொன்னால் யாருக்கும் மனமில்லை. ஒரே குடும்பமாகிவிட்டோம் என்று அழுகிறார்கள். உதவித் தலைவர் என்று யாரும் இல்லை.

அழுவது நல்ல அடையாளம்தான். அன்பு இல்லாத குழுவைப் பிரித்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

உங்கள் சிக்கல் பதினாறு என்ற எண்ணிக்கையில் இல்லை, உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. 2 தீமோத்தேயு 2:2-ஐ எடுத்துப் பாருங்கள். பவுல் தீமோத்தேயுவுக்குக் கொடுத்தார், தீமோத்தேயு உண்மையுள்ள மனுஷருக்குக் கொடுக்க வேண்டும், அவர்கள் மற்றவர்களுக்கு. ஒரே வசனத்தில் நாலு தலைமுறை. சபை வளருவதற்கு நான் அறிந்த வழி இது ஒன்றுதான். விளம்பரம் வைத்து ஆட்களைச் சேர்க்கலாம், சீஷர்களை அப்படிச் சேர்க்க முடியாது. அதனால் இப்போதே பிரிக்காதீர்கள். தலைவர் இல்லாமல் பிரித்தால் ஆறு மாதத்தில் ஒரு பாதி கரைந்துவிடும். வருடத்துக்கு இத்தனை குழு என்று இலக்கு வைத்துத் துரத்துகிற சபைகளில் இதுதான் நடக்கிறது.

யாரைத் தேர்ந்தெடுப்பது? நன்றாகப் பேசுகிறவரை முதலில் பார்க்காதீர்கள். கூட்டம் முடிந்ததும் புதிதாக வந்தவரிடம் போய் உட்காருகிறவர் யார்? போன வாரம் சொன்னதைச் செய்துவிட்டு வருகிறவர் யார்? அவரைப் பிடியுங்கள். முதல் சில வாரங்கள் அவர் ஆரம்ப ஜெபமும் திரும்பச் சொல்லும் பகுதியும் மட்டும் நடத்தட்டும். அப்புறம் மூன்று கேள்விகளையும் கொடுங்கள். பிறகு ஒருநாள் முழுக் கூட்டத்தையும் அவர் நடத்த, நீங்கள் வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். இது உங்களுக்குத்தான் கஷ்டம். அவர் தடுமாறினாலும் காப்பாற்றப் போகாதீர்கள். எல்லாரும் போனபின் பத்து நிமிடம் இருவரும் பேசுங்கள். நன்றாக இருந்த ஒரு விஷயம், மாற்ற வேண்டிய ஒரு விஷயம், அவ்வளவு போதும்.

அவர் தயாரானதும் குழுவை நடுவே வெட்டாமல், அவரோடு மூன்று நாலு பேரை ஜெபித்து அனுப்புங்கள். மாதம் ஒருமுறை இரண்டு குழுவும் சேர்ந்து கூடட்டும். புதிய குழுவில் அவருக்கும் ஒரு உதவித் தலைவர் முதல் வாரத்திலேயே இருக்க வேண்டும். அது யார் என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள், அவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.