கிளென் கேம்பெல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்

அமெரிக்க கன்ட்ரி (அந்நாட்டுக் கிராமப்புற இசை வகை) பாடகர், சி.பி.எஸ். தொலைக்காட்சியில் மூன்றரை வருடம் நிகழ்ச்சி நடத்தியவர், கிளென் கேம்பெல் (1936–2017). இருபது வருடமாக இவர் பாட்டுகளைக் கேட்டும் கிட்டாரில் வாசித்துப் பார்த்தும் வருகிறேன். தெரிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவர் முதலில் கிட்டார்காரர், அப்புறம்தான் பாடகர், டிவி முகம் அதற்கும் அப்புறம். டிவியில் பார்த்து ரசித்த பலருக்கு அந்த முதல் ஆள் தெரியாமலேயே போய்விட்டது என்பதுதான் என் ஆதங்கம்.

கேள்வி: எந்த ஊர்க்காரர்? வசதியான குடும்பமா?

வசதியா, கரண்ட்டே கிடையாது. ஆர்கன்சா மாநிலத்தில் டிலைட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பில்ஸ்டவுன் என்று ஒரு குக்கிராமம், அங்கே பிறந்தார். அப்பா அடுத்தவர் நிலத்தைப் பங்கு விளைச்சலுக்குப் பயிரிட்டவர். மொத்தம் 12 பிள்ளைகள், இவர் ஏழாவது மகன். பருத்தி, சோளம், தர்பூசணி எல்லாம் போடுவார்கள், 100 பவுண்டு பருத்தி எடுத்தால் கூலி ஒன்றேகால் டாலர் என்று அவரே சொல்லியிருக்கிறார். பையனுக்கு நாலு வயதில் அப்பா சியர்ஸ் கம்பெனியிலிருந்து தபாலில் 5 டாலருக்கு ஒரு கிட்டார் வரவழைத்துக் கொடுத்தார். அந்தக் கூலியையும் இந்த விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நானூறு பவுண்டு பருத்தி. அவ்வளவு பஞ்சு எடுக்கிற வீட்டில், நாலு வயதுக் குழந்தை கையில் ஒரு கிட்டாரைக் கொடுத்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நெகிழ்ந்துவிடும்.

கேள்வி: முறையாக இசை படித்தாரா? எனக்கு நொட்டேஷன் (இசைக் குறியீடு) படிக்க வராது, அதனால்தான் கேட்கிறேன் அண்ணா.

தம்பி, அவருக்கும் வராது. சித்தப்பா ஒருவர் கையில் கை வைத்துச் சொல்லிக்கொடுத்தார், மீதியெல்லாம் காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டதுதான். 1954-இல் நியூ மெக்சிகோவில் ஆல்பகர்க்கி நகரத்துக்குப் போய் இன்னொரு உறவினர் டிக் பில்ஸ் நடத்திய குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவுக்கு உள்ளூர் ரேடியோ, டிவி நிகழ்ச்சிகளும் இருந்தன. ஆக, கேமரா முன்னால் கூச்சமில்லாமல் நிற்கக் கற்றுக்கொண்டதும் பதினெட்டு பத்தொன்பது வயதிலேயே, அதே இடத்தில்தான்.

1960-இல் லாஸ் ஏஞ்சல்ஸ். கொஞ்ச நாள் சாம்ப்ஸ் குழுவில் வாசித்தார். அப்புறம் ஒரு பாடல் வெளியீட்டு நிறுவனத்தில் மாதிரிப் பதிவுகளுக்கு வாசிக்கிற வேலை. அந்தப் பதிவுகளைக் கேட்டவர்கள் எல்லாம் "இந்த கிட்டார் யார்?" என்று விசாரித்து ஸ்டூடியோவுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பெயர்கள் குறித்த தாளைப் பார்த்து வாசிப்பார், நொட்டேஷன் வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை கேட்டால் போதும். நீங்கள் நொட்டேஷன் கற்றுக்கொள்வது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது வரவில்லை என்று கிட்டாரைக் கீழே வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ரெக்கிங் க்ரூ என்கிறார்களே, அது என்ன?

அறுபதுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்களில் யார் பாடினாலும் பின்னால் வாசித்த ஒரு கூட்டம். இசைத்தட்டு உறையில் பெரும்பாலும் இவர்கள் பெயர் இருக்காது. டிரம்ஸில் ஹால் பிளெய்ன், பேஸ் என்கிற தாழ்சுர கிட்டாரில் கரோல் கே, ஜோ ஆஸ்பார்ன் மாதிரி ஆட்கள். அந்தக் கூட்டத்தில் கேம்பெல் ஒரு கிட்டார். 1963-இல் மட்டும் 586 பாடல்களில் வாசித்ததாக அவர் கணக்கு. கூட்டிக் கழித்துப் பாருங்கள், வருடத்தில் ஞாயிறு உட்பட தினமும் ஒன்றரைப் பாட்டுக்கு மேல் வருகிறது.

பீச் பாய்ஸ், எல்விஸ் பிரெஸ்லி, ரைட்டியஸ் பிரதர்ஸ், மங்கீஸ், மெர்ல் ஹேகார்ட் என்று போகும் பட்டியல். ஃபிராங்க் சினாட்ராவின் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் த நைட்' பதிவில் வாசித்தபோது சினாட்ராவையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்ததை அவரே பிற்பாடு சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கேள்வி: பீச் பாய்ஸ் குழுவில் உறுப்பினராக இருந்தார் என்று படித்தேன், உண்மையா?

உறுப்பினர் இல்லை, மாற்று ஆள். 1964 டிசம்பரில் அந்தக் குழுவின் பிரையன் வில்சனால் சுற்றுப்பயணம் போக முடியாத நிலை வந்தபோது, அவர் இடத்தில் பேஸ் வாசித்து, அந்த உச்சக் குரலையும் பாடினார், 1965 தொடக்கம் வரை. பேஸ் வாசித்துக்கொண்டே அந்த உயரத்தில் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று முயன்றவர்களுக்குத் தெரியும். நன்றிக்கடனாக வில்சன் 'கெஸ் ஐம் டம்ப்' என்று ஒரு பாட்டைப் பதிவு செய்து கொடுத்தார். அருமையான பாட்டு, ஓடவில்லை.

கேள்வி: அப்படியானால் எப்போதுதான் அவர் பெயர் வெளியே தெரிந்தது?

1967. ஜான் ஹார்ட்ஃபோர்ட் எழுதிய 'ஜென்டில் ஆன் மை மைண்ட்' பாட்டுக்கு நண்பர்களோடு சேர்ந்து ஒரு மாதிரிப் பதிவு செய்தார், நடுநடுவே "இங்கே இப்படி வாசி" என்று இவர் கத்துகிற குரலும் அதில் பதிவாகிவிட்டது. தயாரிப்பாளர் ஆல் டி லோரி அந்தக் கத்தலை மட்டும் நீக்கிவிட்டு அதையே வெளியிட்டுவிட்டார். அதே வருடம் ஜிம்மி வெப் எழுதிய 'பை த டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்'. அடுத்த கிராமி விழாவில் ஒரு பாட்டு கன்ட்ரி பிரிவிலும் இன்னொன்று பாப் பிரிவிலுமாக மொத்தம் நான்கு விருதுகள். ஏழு வருடம் மற்றவர்களுக்கு வாசித்த ஆள், 31 வயதில் ஒரே ராத்திரியில் எல்லோருக்கும் தெரிந்தவராகிவிட்டார்.

கேள்வி: டிவி நிகழ்ச்சி பற்றிச் சொல்லுங்கள் சார். என்ன மாதிரி நிகழ்ச்சி அது?

1968 கோடையில், சி.பி.எஸ்.ஸில் நிகழ்ச்சி நடத்திவந்த ஸ்மதர்ஸ் சகோதரர்கள் விடுப்பில் போக, அவர்கள் இடத்தில் சி.பி.எஸ். இவரை உட்காரவைத்தது. மக்களுக்குப் பிடித்துவிட்டது. 1969 ஜனவரி 29 அன்று 'த கிளென் கேம்பெல் குட்டைம் அவர்' தொடங்கி 1972 ஜூன் வரை ஓடியது. பாட்டு, குட்டி நாடகம், விருந்தாளிகள் என்று ஒரு மணி நேரம். "ஹாய், ஐ'ம் கிளென் கேம்பெல்" என்று பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி ஆரம்பிப்பார். பிற்காலத்தில் பெரிய நடிகரான ஸ்டீவ் மார்ட்டின் அப்போது அங்கே நகைச்சுவை எழுதுகிற ஒரு இளைஞர்தான். ஜான் ஹார்ட்ஃபோர்ட் பாஞ்சோ என்கிற கம்பி வாத்தியத்தோடு வருவார், ஜெரி ரீட் கிட்டாரோடு வருவார். கனடாவிலிருந்து ஆன் மரே வந்து அமெரிக்க வீடுகளுக்கு அறிமுகமானதும் இந்த மேடையில்தான்.

    

அதே 1969-இல் ஜானி கேஷ் ஏ.பி.சி.யில் நிகழ்ச்சி நடத்த ஆரம்பித்தார், பக் ஓவன்ஸும் ராய் கிளார்க்கும் சி.பி.எஸ்.ஸிலேயே 'ஹீ ஹா' ஆரம்பித்தார்கள். ஒரே வருடத்தில் மூன்று. 1971-இல் சி.பி.எஸ். கிராமத்து வாசனை அடிக்கிற நிகழ்ச்சிகளை வரிசையாக நிறுத்தியது, நகரத்து இளைஞர்கள்தான் விளம்பரக்காரர்களுக்கு வேண்டும் என்று. அதற்கு அடுத்த வருடம் கேம்பெல் நிகழ்ச்சியும் முடிந்தது.

கேள்வி: டிவியில் அவர் வைத்திருந்த கிட்டாரின் பின்பக்கம் வளைவாக இருக்குமே, அது என்ன வகை?

நல்ல கண் உங்களுக்கு! ஓவேஷன் கிட்டார். ஹெலிகாப்டர் செய்த சார்லஸ் கேமன் என்பவரின் கம்பெனி தயாரித்தது. பின்பலகை தட்டையாக இல்லாமல் வீணைக் குடம் போல உருண்டு இருக்கும், மரமும் இல்லை, கண்ணாடியிழை. உட்கார்ந்து வாசித்தால் மடியில் கொஞ்சம் வழுக்கும், வார் போட்டு நின்று வாசித்தால் சுகமாக இருக்கும். வாராவாரம் டிவியில் இவர் கையில் பார்த்துத்தான் அந்த கிட்டார் நாடு முழுக்கப் பரவியது.

கேள்வி: கன்ட்ரி ரசிகர்கள் சிலர் இவரை ஏற்கமாட்டார்கள், வயலின் கூட்டம் போட்டுப் பாப் பாட்டுதானே பாடினார் என்பார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நான் கன்ட்ரி பாடகன் இல்லை, பாடத் தெரிந்த கிராமத்துப் பையன் என்று அவரே சொல்லிக்கொள்வார். 1968-இல் கன்ட்ரி இசைச் சங்கம் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது கொடுத்தது, 2005-இல் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். 'ரைன்ஸ்டோன் கவ்பாய்' 1975-இலும் 'சதர்ன் நைட்ஸ்' 1977-இலும் கன்ட்ரி, பாப் இரண்டு பட்டியலிலும் முதலிடம். எனக்கு இந்த வாதமே அலுத்துவிட்டது.

கேள்வி: நடிகராகவும் இருந்தாராமே?

1969-இல் 'ட்ரூ கிரிட்' படத்தில் ஜான் வெய்னுடன். வெய்னுக்கு ஆஸ்கர் கிடைத்த ஒரே படம். கேம்பெல் பாடிய தலைப்புப் பாடல் ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. நடிப்பு சுமார்தான்.

கேள்வி: குடி, போதை பற்றியெல்லாம் பேசுகிறார்களே? பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

விடவேண்டியதில்லை, அவரே தன் வரலாற்றில் எழுதியதுதான். எழுபதுகளின் நடுவில் கொகெயினும் குடியும் அவரைப் பிடித்துக்கொண்டன. மூன்று திருமணங்கள் முறிந்தன. 1982-இல் கிம் வூலனை மணந்த பிறகு மெதுவாக மீண்டார். ஆனால் 2003-இல் ஃபீனிக்ஸ் நகரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதாகி, அடுத்த வருடம் பத்து இரவுகள் சிறையில் இருந்தார். ரசிகன் என்பதற்காக இதை மூடி மறைக்க எனக்கு மனசில்லை. அந்த வீட்டில் இருந்தவர்கள் பட்ட கஷ்டம் நிஜம்.

கேள்வி: என் அம்மாவுக்கு ஞாபக மறதி நோய் என்று சென்ற மாதம் சொன்னார்கள். கேம்பெலுக்கும் அதே நோய் என்று கேள்விப்பட்டேன். அந்த நிலையில் எப்படிப் பாடினார்?

அம்மா, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் மற்றதை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்குத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன்.

2011 ஜூனில் அவருக்கு அல்சைமர் என்று குடும்பம் அறிவித்தது. ஒளிக்கவில்லை. கொஞ்சம் நிகழ்ச்சிகள் நடத்தி விடைபெறலாம் என்று கிளம்பினார்கள், அது 151 நிகழ்ச்சிகள் வரை போய் 2012 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவின் நாபாவில் முடிந்தது. மகள் ஆஷ்லி பாஞ்சோ, மகன்கள் ஷானன் கிட்டார், கேல் டிரம்ஸ். வரிகள் மறந்துபோகும் என்பதால் முன்னால் வரிகளைக் காட்டும் டெலிப்ராம்ப்டர் திரை இருக்கும். சில இரவுகளில், பாடி முடித்த பாட்டையே மறுபடி தொடங்கிவிடுவார், பிள்ளைகள் பக்கத்தில் போய் மெல்லச் சொல்லி அடுத்ததற்குக் கூட்டிப்போவார்கள். ஆனால் தனியாக கிட்டார் வாசிக்கிற இடம் வந்தால் விரல்கள் தம் பாட்டுக்கு ஓடும். ஜேம்ஸ் கீச் எடுத்த 'ஐ'ல் பி மீ' ஆவணப்படத்தில் ஆஷ்லியின் பாஞ்சோவும் இவர் கிட்டாரும் ஒன்றை ஒன்று துரத்துகிற காட்சி இருக்கிறது, பாருங்கள். பெயர், ஊர், கிழமை இதையெல்லாம் மூளை வைத்திருக்கிற முறை வேறு, வருடக்கணக்காகக் கை பழகியதை வைத்திருக்கிற முறை வேறு. பின்னது பல பேருக்கு வெகு நாள் தாங்கும்.

இது மருந்து இல்லை, நோயை இசை குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் உங்கள் அம்மா சின்ன வயதில் பாடிய பாட்டு எதுவோ, கோலமோ, பூ கட்டுவதோ, அதை அவர் கையில் கொடுத்து, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். தப்பு வந்தால் திருத்தாதீர்கள்.

கேள்வி: அவர் கடைசியாகப் பதிவு செய்த பாட்டு எது?

'ஐ'ம் நாட் கோனா மிஸ் யூ'. 2013 ஜனவரியில், ஜூலியன் ரேமண்டோடு சேர்ந்து எழுதியது. ஹால் பிளெய்ன், ஜோ ஆஸ்பார்ன் என்று ஐம்பது வருடத்துக்கு முந்தைய அதே ஸ்டூடியோக் கூட்டாளிகள் வந்து வாசித்தார்கள். உன்னை நினைத்து ஏங்குகிற வேதனைகூட எனக்கு மிஞ்சாது, அது உனக்குத்தான் என்று மனைவியிடம் சொல்கிற பாட்டு. ஆஸ்கருக்குப் பரிந்துரையானது, கிராமி கிடைத்தது. 2017 ஆகஸ்ட் 8 அன்று நாஷ்வில்லில் காலமானார், வயது 81. பில்ஸ்டவுனுக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

கேள்வி: இதுவரை இவர் பாட்டு ஒன்றுகூடக் கேட்டதில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

'விச்சிட்டா லைன்மேன்', 1968. ஃபீனிக்ஸ் மாதிரி ஊர்ப் பெயர் வருகிற இன்னொரு பாட்டு வேண்டும் என்று ஜிம்மி வெப்பைக் கேட்டார்கள். ஆளரவமற்ற சாலையில் டெலிபோன் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் ஒருவரை வைத்து அவர் எழுதி, இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார். கொஞ்ச நாள் கழித்து விசாரித்தால், பதிவே முடிந்துவிட்டது என்றார் கேம்பெல். மூன்றாவது சரணம் வரவேண்டிய இடத்தில் கரோல் கேயிடமிருந்து ஆறு கம்பி டேன்எலெக்ட்ரோ பேஸ் கிட்டாரை வாங்கி, பாட்டின் மெட்டையே அடித்தொண்டையில் முனகுவது போல வாசித்து நிரப்பியிருந்தார். வேகம் கிடையாது, வித்தை காட்டல் கிடையாது. மேலே வயலின்கள் கம்பியில் போகிற சமிக்ஞை மாதிரி கிய்ங் கிய்ங் என்று விட்டுவிட்டு ஒலிக்கும், கீழே இந்த ஒரு கிட்டார்.

இயர்போனில் கேளுங்கள். முதல் தடவை பாட்டைக் கேளுங்கள், இரண்டாவது தடவை அந்த கிட்டார் நுழைகிற இடத்துக்காகக் காத்திருங்கள்.