மூன்றாம் நம்பர் கவுன்ட்டர்

(வங்கியில் 34 வருடம் கேஷியராக இருந்து, 2018-ல் ஓய்வு பெற்றவன். நோட்டு எண்ணிய கைதான் இப்போது பதில் எழுதுகிறது.)

ஈரோடு வாசகர்: டீக்கடையில்கூட ஒரு பெட்டி "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று கத்துகிறது. நான் நோட்டைத் தொட்டே நாலு மாதம் ஆகிறது. கேஷியராக இருந்த உங்களுக்கு இது எப்படி இருக்கிறது?

பதில்: முதலில் பொறாமைதான் வந்தது. 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகு வங்கி திறந்த முதல் நாள், 2016 நவம்பர் 10. கிளை வாசலில் தொடங்கிய வரிசை மருந்துக்கடையைத் தாண்டிப் போயிருந்தது. அன்று ராத்திரி கணக்கை முடித்துவிட்டு, விரலில் ரேகை மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். அதே வருடம் ஏப்ரலிலேயே யுபிஐ வந்துவிட்டது. எங்களுக்கு அது இன்னொரு சர்க்குலர். படித்து ஃபைலில் போட்டோம். 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டியது அந்த ஃபைல் சமாச்சாரம்.

பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். கூட்ட நேரத்தில் போனைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறவர் காட்டியது இப்போது போட்ட பணமா, நேற்றைய ஸ்கிரீன்ஷாட்டா என்று ஆற்றிக்கொண்டிருக்கும் மாஸ்டர் எங்கே பார்ப்பது? அதனால் கண்ணின் வேலையைக் காது எடுத்துக்கொண்டது. என்ன ஒன்று, முன்பு சில்லறை தரும்போது எங்கள் தெருக் கடைக்காரர் என் முகத்தைப் பார்ப்பார். "சளியா சார், இஞ்சி தட்டிப் போடவா?" என்பார். இப்போது தலை நிமிர்வதில்லை. இஞ்சியை நான்தான் கேட்டு வாங்குகிறேன்.

2025 ஜூலையில் அவர் முகம் வாடியிருந்தது. பெங்களூரில் யுபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பி, பலர் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு 'கேஷ் மட்டும்' என்று எழுதி ஒட்டிய நேரம். பொருள் விற்றால் வருடத்துக்கு 40 லட்சம், சேவையென்றால் 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். "நான் தாண்டுறேனா சார்?" என்று கேட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தாண்டவில்லை. அன்றைய டீக்குக் காசு வாங்கவில்லை, பெட்டியும் பேசவில்லை.

சென்னை வாசகி: பத்து நிமிடத்தில் வீட்டுக்கே காய்கறி வருகிறது. மாமியார் திட்டுகிறார். நீங்கள் யார் பக்கம்?

பதில்: பாதி உங்கள் மாமியார் பக்கம். மீதிப் பாதியை ஒரு ஓஆர்எஸ் பாக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மகன் வீட்டில் இருந்தபோது ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு வயிறு கெட்டு, மருமகள் போனைத் தட்டிய கையோடு அது வந்து சேர்ந்தது. நன்றி மறக்கக் கூடாது.

ஆனால் பில்லைப் படிக்கிற புத்தி போகவில்லையே! கறிவேப்பிலைக்குத் தனியாக ஒரு வரி, விலையோடு. அதற்குக் கீழே ஹேண்ட்லிங் சார்ஜ். எங்கள் ஊர் மார்க்கெட்டில் கறிவேப்பிலை என்ன விலை என்று கேட்டால் காய்க்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்ப்பார். அது கொசுறு. ஆப்பும் கொசுறு தருகிறது, முதல் ஆர்டருக்குக் கூப்பன் என்று. காய்க்காரம்மா பழகியவர்களுக்குத் தருவார், ஆப் புதிதாக வருகிறவர்களுக்குத் தருகிறது. எனக்கு இதுதான் பிடிபடவே இல்லை.

நடைப்பயிற்சியில் ஒரு நாள், ஆப்பில் கேட்ட சாமான் கிளம்பி வருகிற கடையையே கண்டுபிடித்துவிட்டேன். பாதி இறக்கிய ஷட்டர், உள்ளே வரிசையாக ரேக்குகள், வெளியே பைக்குகள். ஒரு சோப்பு வேண்டும் என்றேன். "ஆப்புல போடுங்க தாத்தா" என்றான் பையன். வாசலில் நிற்கிறவனுக்கு டெலிவரி சார்ஜ் போடுவார்களா என்று கேட்டேன். சிரித்தானே தவிரப் பதில் இல்லை.

மதுரை வாசகர்: என் நண்பர் நன்றாகப் படித்தவர். 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணத்தைப் பறித்துவிட்டார்கள். எப்படி ஏமாந்தார் என்றே புரியவில்லை.

பதில்: எனக்குப் புரிகிறது. போன பங்குனியில் எனக்கும் வந்தது. என் ஆதார் எண்ணில் போன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். அப்புறம் வீடியோவில் காக்கிச்சட்டை, பின்னால் கொடி, மேஜை எல்லாம். கட்டுக்குள் ஒரு கள்ளநோட்டு இருந்தால் பார்க்காமலே உருவி எடுக்கிற விரல் இது. குரலை எப்படித் தடவிப் பார்ப்பது? 25 நிமிடம் "எஸ் சார், எஸ் சார்" என்று உட்கார்ந்திருந்தேன். கூடத்தைத் தாண்டிப் போன என் மனைவி, "ஏங்க, ரிடையராகி ஏழு வருஷம் ஆச்சு, இன்னும் எந்த மேனேஜருக்கு இப்படிப் பயப்படுறீங்க?" என்றாள். போனை அணைத்தேன். பணம் போகவில்லை. அன்று ராத்திரி சாப்பாடுதான் இறங்கவில்லை.

டிஜிட்டல் கைது என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலிப் பேச்சில் இதைச் சொன்னார். பணம் போனது தெரிந்த உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்கினால்தான் உண்டு. தயவுசெய்து நண்பரிடம் "படிச்ச நீங்களேவா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் இரண்டு நாள் வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள்.

திண்டுக்கல் வாசகர்: பெட்டிக்கடையில் 10 ரூபாய் நாணயம் செல்லாது என்கிறார்களே?

பதில்: செல்லும். 14 வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ரூபாய் சின்னம் 2010-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய நாணயத்தில் அது இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த யாரோ ஒருவர் ஒன்றைப் போலி ஆக்கிவிட்டார். கடைக்காரர் பக்கமும் ஒரு சட்டம் உண்டு: 1,000 ரூபாய்க்கு மேல் நாணயமாகக் கொட்டினால் வாங்க மாட்டேன் எனலாம்.

என் வழி வேறு. அவர் எனக்குப் பத்து ரூபாய் மீதி தர வேண்டிய நேரம் பார்த்து, "காசா இருந்தாலும் பரவாயில்ல" என்பேன். கல்லா மூலையிலிருந்து உடனே வரும்!

பேராவூரணி வாசகர்: எங்கள் மொய் விருந்தில் கம்ப்யூட்டர் ரசீது வந்துவிட்டது. க்யூஆரும் வைத்துவிட்டால் என்ன?

பதில்: மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய வரவு. பேர், ஊர், தொகை மூன்றும் சரியாக ஏற வேண்டும். யுபிஐயில் கணக்கு மகன் பேரில் இருக்கும், மொய் அப்பா பேரில் எழுத வேண்டியிருக்கும். போன ஆவணியில் ஒரு விருந்தில், வீட்டுக்காரரின் போனுக்கு 5,000 ரூபாய் அனுப்பிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் கறி விழுந்துவிட்டது, கை போகவில்லை. எழுந்து போய் இன்னொரு 500 ரூபாயை நோட்டாக நீட்டி, ஊர்ப் பேரோடு எழுதச் சொல்லி, ரசீதைச் சட்டைப்பையில் வைத்தேன். திரும்பி வருவதற்குள் என் இலையில் வேறு ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.