அந்த நாட்குறிப்பு

அன்புள்ள ஐயா,

2025 ஜனவரியில் எம்23 என்ற கலகப் படை காங்கோவின் கோமா நகரைப் பிடித்தபோது நம் தென்னாப்பிரிக்க வீரர்கள் 14 பேர் இறந்தார்கள். வேற்று நாட்டுச் சண்டையில் நம் பிள்ளைகள் ஏன் சாக வேண்டும்? அவரவர் வீட்டை அவரவர் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

— ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. போதிய விமானத் துணை இல்லாமல் அவர்களை அங்கே நிறுத்திவைத்ததை என்னாலும் மன்னிக்க முடியவில்லை. ஆனால், அவரவர் வீட்டை அவரவர் பார்த்துக்கொள்ள நாம் எப்போது விட்டோம்?

1984 மார்ச் 16 அன்று நம் பிரதமராக இருந்த பி.டபிள்யூ. போத்தாவும் அண்டை நாடான மொசாம்பிக்கின் அதிபர் சமோரா மாஷெலும் என்கோமாட்டி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம் வெள்ளையர் அரசை எதிர்த்துப் போராடிய ஏ.என்.சி. இயக்கத்துக்கு மொசாம்பிக் இடம் தரக்கூடாது. மொசாம்பிக் அரசை எதிர்த்த ரெனமோ கலகக்காரர்களுக்கு நாம் உதவக்கூடாது. அவர்கள் ஏ.என்.சி.யினரை வெளியேற்றினார்கள். மறு ஆண்டே கொரொங்கோசாவில் ரெனமோவின் முகாம் வீழ்ந்தது. அங்கே சிக்கிய நாட்குறிப்பில், நம் ராணுவத்தின் உதவி நிற்கவே இல்லை என்பது பச்சையாக எழுதப்பட்டிருந்தது. இதில் வேடிக்கை, மொசாம்பிக்கின் கஹோரா பாசா அணையிலிருந்து நமக்கு மின்சாரம் கொண்டுவந்த கோபுரங்களைச் சாய்த்ததும் அதே ரெனமோதான். நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டியிருக்கிறோம். 1992இல் ரோமில் சமாதானம் ஆன பிறகும், அந்த மின்சாரம் திரும்பி வரச் சில ஆண்டுகள் பிடித்தன.

எம்23-க்கு ருவாண்டா துணை நிற்கிறது என்று ஐ.நா. நிபுணர்கள் சொல்கிறார்கள், ருவாண்டா அரசு மறுக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாட்குறிப்பு நினைவுக்கு வந்துவிடுகிறது. நம் வீரர்களையும் சேர்த்து காங்கோவுக்குப் படை அனுப்பிய சாடெக், அதாவது தென் பகுதி ஆப்பிரிக்க நாடுகளின் அமைப்பில் காங்கோ உண்டு, ருவாண்டா இல்லை. அது கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தில் இருக்கிறது. இரு அமைப்புகளும் சேர்ந்து தார் எஸ் சலாமில் கூடியது பிப்ரவரி 8 அன்று, கோமா கைவிட்டுப் போன பிறகு. என் சண்டை அந்தத் தாமதத்தோடுதான். முதலில் மேசை, பிறகு படை என்று இருந்திருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு மகளோடு கோசி பே எல்லை வழியாக மொசாம்பிக் தலைநகர் மாப்புட்டோ போனேன். முன்பு சக்கரம் புதையும் மணல் தடமாக இருந்த வழி. இப்போது நல்ல தார்ச்சாலை, நகருக்குள் நுழைய 2018இல் திறந்த கட்டெம்பே பாலம். சாலையோரம் ஓர் அம்மாள் வறுத்த முந்திரி விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியின் எண் பலகையைப் பார்த்ததும் நம் நாணயமான ராண்டிலேயே விலை சொன்னார். அவர் கணவர் ஜோகன்னஸ்பர்க் பக்கம் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். மீதிச் சில்லறையை அவர்கள் நாணயமான மெட்டிகாலில் எண்ணிக் கொடுத்தார். நான் சரிபார்க்கவில்லை, மகள் பார்த்தாள், சரியாகவே இருந்தது. முந்திரியில்தான் உப்பு கொஞ்சம் தூக்கல்.