தைவான் போன்ற சின்னத் தீவுக்கு உலகில் இவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது?

கணினிக்கும் கைபேசிக்கும் மூளை போன்ற சிப்பின் தயாரிப்பால்தான். அதற்கு விதை போட்டது அரசு. 1976-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ என்ற மின்னணு நிறுவனத்திடம் தொழில்நுட்பத்தை வாங்கி, கற்றுவர இளம் பொறியாளர்களை அங்கேயே அனுப்பினார்கள். 1980-இல் சிஞ்சு அறிவியல் பூங்கா என்ற தொழில்நுட்பத் தொழில் வளாகம் வந்தது. தொழில் தொடங்குபவர்களுக்கு அங்கே வரிச்சலுகை. அப்புறம் 1987-இல் சிப் துறைப் பொறியாளர் மோரிஸ் சாங் டிஎஸ்எம்சி என்ற நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஏறக்குறைய பாதி முதலீடு அரசுடையது. சொந்தப் பெயரில் சிப் விற்காமல், மற்றவர்கள் வடிவமைத்ததை மட்டும் தயாரித்துக் கொடுத்தது அந்த நிறுவனம். தங்களோடு போட்டிக்கு வராத கம்பெனி என்பதால் ஆப்பிளும் என்விடியாவும் நம்பி வேலையைக் கொடுத்தன. பதினோரு ஆண்டுகள் அடித்தளம் போட்ட அந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இன்று தைவானோடு முறையான தூதரக உறவு வைத்திருப்பவை சுமார் ஒரு டஜன் நாடுகளே. ஆனாலும் அதன் ஆலைகள் நின்றுவிடுமோ என்ற கவலை வாஷிங்டனுக்கும் இருக்கிறது, பெய்ஜிங்குக்கும் இருக்கிறது.